குளிரறைக்கு ஒரு ஜோடி சாக்ஸ்

ஹாரன் அக்காவுக்கு அந்தப் பெயரை வைத்தது யார் என்று கேட்டால் கிடங்கில் வேலை பார்க்கும் அத்தனை பேரும் 'நான்தான்' என்று முன்னால் வந்து நிற்பார்கள். அவ்வளவு பொருத்தமான பெயர். பெட்டிகளைத் தூக்கி அடுக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டியை ஓட்டுகிறவர்கள் ஒவ்வொரு திருப்பத்திலும் ஹாரன் அடிக்க வேண்டும். மற்றவர்கள் பேருக்கு ஒரு தட்டுத் தட்டுவார்கள். இவள் நிறுத்தி நிதானமாக மூன்று முறை அடிப்பாள். அது போதாதென்று, "வரேன், வரேன், வழி விடு!" என்று வாயாலும் ஒரு முறை சொல்லிவிடுவாள். வண்டியை விட்டு இறங்கி வீட்டுக்கு வந்த பிறகும் அந்த ஹாரன் ஓய்வதில்லை என்பது அவள் வீட்டுக்காரரின் குறை. அந்தக் குறையை அவர் மிகவும் மெதுவாகத்தான் சொல்வார்.

அந்த வேலையில் அவள் சேர்ந்தபோது, பயிற்சி கொடுக்க வந்தவர் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பொம்பளைங்களுக்கு இந்த வண்டி சரிப்படாதும்மா" என்றார். "ஏன் சார், இதுல பெடல மிதிக்கறது காலா, மீசையா?" என்று கேட்டாள் இவள். அன்றைக்கு வண்டியில் ஏறி உட்கார்ந்தவள்தான். இப்போது தலைமுடியில் பாதி வெளுத்தாகிவிட்டது. இன்னும் ஒரு தூணில்கூட உரசியதில்லை.

கிடங்கு என்றால் சாதாரணக் கிடங்கு இல்லை. பட்டாணி, மீன், ஐஸ்கிரீம் எல்லாம் கல்லைப் போல் உறைந்து அடுக்கடுக்காக நிற்கும் இடம். வெளியே தார் இளகும் வெயில் அடிக்கும். ரப்பர் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போனால் இமை முடியில் பனி ஒட்டும். அதனால்தான், வருஷம் முழுக்க வியர்த்துக் கொட்டும் அந்த ஊரில், பருமனான கோட்டும் கனத்த பூட்ஸும் போட்டுக்கொண்டு இவர்கள் வேலைக்குப் போனார்கள்.

குளிரறைக்குள் யாரும் தனியாகப் போகக் கூடாது. இருவராகப் போய் இருவராக வெளியே வர வேண்டும். உள்ளே இருக்கும்போது அவ்வப்போது ஒருவர் மற்றவரைக் கூப்பிட்டு, "விரல் இருக்கா?" என்று கேட்பார்கள். கைவிரலும் கால்விரலும் மரத்துப் போகாமல் இருக்கின்றனவா என்று அர்த்தம். "இருக்கு" என்று பதில் வந்தால் வேலை தொடரும். "இல்ல" என்றால் கையில் இருப்பதை அங்கேயே போட்டுவிட்டு இரண்டு பேரும் ஹீட்டர் ரூமுக்கு ஓட வேண்டும். இதை எந்த மேலாளரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அங்கே வேலை பார்த்தவர்கள் தாங்களாக உண்டாக்கிக்கொண்ட வழக்கம். கிடங்கில் வேறு எதை மீறினாலும் திட்டோடு போய்விடும். இதில் பொய் சொன்னவர்களோடு மட்டும் யாரும் ஜோடி சேர மாட்டார்கள். முன்பு ஒருவன் வீம்புக்கு 'இருக்கு, இருக்கு' என்றே சொல்லிக்கொண்டிருந்து, இரண்டு விரல் நுனிகளை மருத்துவமனையில் கொடுத்துவிட்டு வந்தான். அதன்பிறகு அவனோடு உள்ளே போக ஒருவரும் ஒப்பவில்லை. வெளியே லாரிகளுக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்துவிட்டு, அதுவும் பிடிக்காமல் ஊரைவிட்டே போய்விட்டான்.

ஹாரன் அக்காவுக்கு வாய்த்த ஜோடியின் பெயர் பூனை. கனத்த பூட்ஸைப் போட்டுக்கொண்டும் சத்தமே வராமல் நடப்பாள். பேச்சும் அப்படித்தான். பெட்டிகளில் ஒட்டியிருப்பதைப் படித்து எது எந்த அடுக்குக்குப் போக வேண்டும் என்று கை காட்டுவது அவள் வேலை. தூக்கி வைப்பது இவள் வேலை. பல வருஷமாக இவள் பேசுவாள், அவள் கேட்பாள். "ரெண்டு பேருக்கும் சேர்த்து நான் பேசிடறேன், ரெண்டு பேருக்கும் சேர்த்து அவ யோசிச்சிடறா" என்று ஹாரன் அக்கா பெருமையாகச் சொல்லிக்கொள்வாள். கூடப் பிறந்த தங்கச்சியிடம் சொல்லாததைக்கூடப் பூனையிடம் சொல்வாள். பூனை தன்னிடம் எதையெல்லாம் சொல்லாமல் இருக்கிறாள் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. அதற்கு நேரம் எங்கே இருந்தது? பேசவே நேரம் போதவில்லை.

பூனை, அண்ணன் வீட்டு மாடியில் ஒற்றை அறையில் இருந்தாள். கட்டில், நாற்காலி, பாத்திரம், உடுத்தும் துணி எல்லாமே அண்ணி பயன்படுத்திச் சலித்தவை. அதைப் பற்றி அவள் குறை சொன்னதில்லை. அவளுடைய ஒரே குறை கால்விரல். கம்பெனி கொடுக்கும் சாக்ஸ் வெங்காயச் சருகு மாதிரி இருக்கும். ஹீட்டர் ரூமுக்கு வந்ததும் பூட்ஸைக் கழற்றிவிட்டு, விரல்களைக் கையால் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள்.

ஒரு நாள் அதைப் பார்த்துப் பொறுக்க முடியாமல், ஹீட்டர் ரூமில் எல்லோர் காதிலும் விழும்படி ஹாரன் அக்கா அறிவித்தாள்.

"இனிமே உன் காலுக்கு நான் பொறுப்பு. என் கையால கம்பளி சாக்ஸ் பின்னித் தரேன். போட்டுக்கிட்டா ஐஸ் மேல நின்னாலும் வேர்க்கும்!"

"உனக்குப் பின்னத் தெரியுமாக்கா?" என்று பூனை கேட்டாள்.

"கத்துக்கறேன். ஃபோர்க்லிஃப்ட் மட்டும் பொறக்கும்போதே தெரியுமா?"

தங்கச்சிக்குப் பின்னத் தெரியும். அவளிடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் உட்கார்ந்து கற்றுக்கொண்டாள். மூன்று ஊசிகளில் நூல் கண்ணிகளை ஏற்றி நான்காவதால் சுற்றிச் சுற்றிப் பின்ன வேண்டும். முதலில் ஊசிகள் முள்ளம்பன்றி மாதிரி எல்லாப் பக்கமும் நீட்டிக்கொண்டு நின்றன. பிறகு அடங்கின. கிடங்கில் லாரி பின்வாங்கி வந்து நிற்கும்வரை வண்டியில் சும்மா உட்கார்ந்திருக்கும் நேரமெல்லாம் மடியில் பின்னல் ஓடியது. குதிகால் திருப்பும் இடத்தில்தான் தண்ணி காட்டியது. நேராகப் போய்க்கொண்டிருக்கும் குழாய் அங்கே வளைந்து பாதமாக மாற வேண்டும். கண்ணி நழுவும், ஓட்டை விழும், உருவ வேண்டும், மறுபடி ஏற்ற வேண்டும். ஹாரன் அக்கா அசரவில்லை. "நீ வளையறியா, நான் வளையறேனான்னு ஒரு கை பாத்துடறேன்" என்று அந்தக் குதிகாலைப் பார்த்தே சொன்னாள்.

தங்கச்சி தொலைபேசியில் ஒன்று சொன்னாள். "ஒத்த நூல்ல பின்னுக்கா. அதுவே போதும்."

"ஒத்த நூலா? எதுக்குக் கஞ்சத்தனம்? நான் ரெட்டை நூல்ல பின்றேன். குளிர் உள்ள வரணும்னா அனுமதி கேட்டுட்டு வரட்டும்!"

அளவுக்கு வீட்டுக்காரர் காலைக் கொடுத்தார். அவர் பாதமும் பூனையின் பாதமும் ஏறக்குறைய ஒரே நீளம். மத்தியான வெயிலில், மின்விசிறிக்குக் கீழே, முழங்கால்வரை கம்பளி ஏறிய ஒற்றைக் காலை ஸ்டூலில் நீட்டிக்கொண்டு அவர் பேப்பர் படித்தார். கால் அரித்தது. சொல்லிப் பார்த்தார். "அரிக்கலன்னா அது கம்பளியே இல்ல" என்று பதில் வந்தது. அத்தோடு அவர் பேப்பருக்குத் திரும்பிவிட்டார்.

சாக்ஸ் முடிந்து, ஹீட்டர் ரூமில் எல்லோருக்கும் நடுவில் பூனையின் மடியில் வந்து விழுந்தது. ஒவ்வொன்றும் சின்னத் தலையணை மாதிரி இருந்தது. பூனை அதைக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் எடுக்கவே இல்லை.

"இது எனக்குன்னே பண்ணினதாக்கா?"

"பின்னே? பக்கத்து வீட்டுக்காரிக்குப் பண்ணி மிஞ்சினதுன்னு நினைச்சியா?"

அங்கேயே ஆளாளுக்கு ஒரு ஜோடி கேட்டார்கள். மூட்டை என்று பெயர் வாங்கிய சுமைக்காரர் தனக்கு இரண்டு ஜோடி வேண்டும் என்றார். ஹாரன் அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாள் பூனையிடம், "எப்படி இருக்கு?" என்று கேட்டாள். "சூடா இருக்குக்கா" என்றாள் பூனை. அன்று முழுவதும் ஹாரன் இன்னும் பலமாகக் கேட்டது.

சில நாள் கழித்து ஹாரன் அக்காவுக்கு ஒரு விசித்திரம் தட்டுப்பட்டது. குளிரறைக்குள் யாரோ நடக்கிற சத்தம் கேட்டது. தப், தப் என்று. திரும்பிப் பார்த்தால் பூனை. இத்தனை வருஷத்தில் அவள் நடந்து இவள் கேட்டதே இல்லை. பூட்ஸ் தேய்ந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். "விரல் இருக்கா?" என்று கேட்டாள். "இருக்கு" என்று வந்தது. வேலையைப் பார்க்கப் போய்விட்டாள்.

அதற்கடுத்த வாரம் சூப்பர்வைசர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அக்கா, உங்க ஜோடி மாத்தல் கேட்டிருக்காங்க. வெளிய, வாசல் கேட்டுப் பக்கம். வெள்ளிக்கிழமையோட உள்ள வேலை முடியுது. உங்களுக்கு வேற ஆள் பாக்கறேன்."

"யாரு, என் பூனையா?"

"உங்ககிட்ட சொல்லலையா?"

சொல்லவில்லை. அதுதான் நெஞ்சில் போய்த் தைத்தது. நேராகப் போய்ப் பூனையின் எதிரில் நின்றாள். "ஏன்டி?" என்று ஒரே சொல்தான் கேட்டாள்.

பூனை தரையைப் பார்த்துக்கொண்டு, "வயசாயிடுச்சுக்கா. குளிர் ஒத்துக்கல" என்றாள்.

"என்னைவிட மூணு வயசு சின்னவ நீ. உனக்கு வயசாயிடுச்சுன்னா எனக்கு என்ன, பாடையா கட்டணும்?"

ஹாரன் அக்கா மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு போய்விட்டாள். பல வருஷம் பக்கத்தில் இருந்தவள், ஒரு வார்த்தை சொல்லாமல் கழற்றிக்கொண்டு போகிறாள். அதுவும் கை நோகப் பின்னிய சாக்ஸைப் போட்டுக்கொண்டே! வீட்டில் அழுதாள். வெங்காயம் என்று சொல்லவும் வழியில்லை, கையில் வெண்டைக்காய்தான் இருந்தது. வீட்டுக்காரர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஒன்றும் கேட்கவில்லை. அதற்காக அவரை அவளுக்கு ரொம்பப் பிடித்தது.

அந்த வாரம் முழுவதும் பூனையோடு வேலைக்கு வேண்டியதைத் தவிர வேறு பேச்சு கிடையாது. 'விரல் இருக்கா', 'இருக்கு', அவ்வளவுதான். அதை மட்டும் நிறுத்த முடியாது, கோபமே என்றாலும்.

வெள்ளிக்கிழமை கடைசிச் சுற்று. மீன் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு ஹாரன் அக்கா திருப்பத்துக்கு வந்தாள். வழக்கம்போல் மூன்று முறை அடித்தாள். பூனை வழியில் நின்றுகொண்டிருந்தாள். ஹாரன் கேட்டது, திரும்பிப் பார்த்தாள், விலகுவதற்குக் காலை எடுத்தாள். கால் வரவில்லை. அப்படியே பக்கவாட்டில் சரிந்து வண்டிக்கு முன்னால் விழுந்தாள்.

ஹாரன் அக்கா பிரேக்கை மிதித்த வேகத்தில் மேலே இருந்த பெட்டி ஒன்று பறந்து போய்ச் சுவரில் மோதியது. வண்டியின் முன்னால் நீண்டிருக்கும் இரும்பு நாக்கு பூனையின் தோளுக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. இறங்கி ஓடினாள். அவளை அக்குளில் கை கொடுத்துத் தூக்கி, பாதி இழுத்து பாதி சுமந்து ஹீட்டர் ரூமுக்குக் கொண்டுவந்தாள். மெடிக்கல் ரூமிலிருந்து நர்ஸைக் கூட்டிவர மூட்டை ஓடினார். அதற்குள் இவள் பூட்ஸைக் கழற்றப் பார்த்தாள். அது வந்தால்தானே! பாதம் உள்ளே ஆப்பு அடித்தது போல் இறுகியிருந்தது. பெஞ்சில் காலை முட்டுக் கொடுத்து இழுத்த பிறகுதான் பிடுங்கிக்கொண்டு வந்தது. சாக்ஸை உருட்டிக் கழற்றினாள். விரல்கள் மெழுகாக வெளுத்திருந்தன. பாதம் முழுவதும் அவள் பின்னிய கண்ணிகள் வரிசை வரிசையாக அச்சுப் பதிந்திருந்தன.

ஹாரன் அக்காவுக்கு எல்லாம் அந்த நொடியே விளங்கிவிட்டது. காலைத்தான் அளவெடுத்தாள். வீட்டுக்காரரின் வெறுங்காலை. அந்தக் கால் எதற்குள் போக வேண்டுமோ அந்த பூட்ஸை அவள் நினைக்கவே இல்லை. இரட்டை நூல் சாக்ஸ் உள்ளே போய் அடைத்துக்கொண்டு, ரத்தம் ஓட இடமில்லாமல் காலை நெரித்திருக்கிறது. வெங்காயச் சருகே இதற்கு எவ்வளவோ தேவலை.

"எத்தன நாளா இப்படி?"

"நீ குடுத்த நாள்லேர்ந்து."

"அப்போ, விரல் இருக்கான்னு நான் கேட்டப்பல்லாம்?"

பூனை சாக்ஸை எடுத்து மடிக்கத் தொடங்கினாள்.

"உன்னத்தான் கேக்கறேன். இருக்கு, இருக்குன்னு சொன்னியே?"

"பொய்க்கா."

ஹாரன் அக்காவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "இப்ப உன் மேல நான் ஏத்தியிருப்பேன்டி! என் வண்டியில அடிபட்டு நீ போயிருப்ப! சாக்ஸ் சரியில்லன்னு ஒரு வார்த்த சொல்றதுக்கு வாயில என்ன, பூட்டா?"

"ஒரு நாள் சொல்ல வந்தேன். 'அக்கா, பூட்ஸ் கொஞ்சம்'னு ஆரம்பிச்சேன். நீ, 'புதுசுல அப்படித்தான் இருக்கும், பழகிடும்'னுட்டு ஹாரன் அடிச்சிட்டுப் போயிட்ட." பூனை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எனக்குன்னு யாரும் எதுவும் பண்ணினது இல்லக்கா. அதக் கழட்டி உன் கையில குடுக்க எனக்கு மனசு வரல. அதே சமயம் உன்கிட்டப் பொய் சொல்லிக்கிட்டே உன்கூட உள்ள வரவும் முடியல. அதான் மாத்தல் கேட்டேன்."

நர்ஸ் வந்து கால்களை வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்தாள். விரல்கள் தப்பித்தன, ஆனால் சில நாள் ஓய்வு வேண்டும் என்றாள். உணர்வு திரும்பும்போது வலித்தது. பூனை பல்லைக் கடித்துக்கொண்டாள். ஹாரன் அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்தச் சமயத்தில் தன் மேல் வந்த வெறுப்பை அவள் யாரிடமும் பின்னால் சொன்னதில்லை.

ஆனால் வெறுப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற ஆள் இல்லை அவள். அன்றைக்கு வேலை முடிந்து எல்லோரும் கோட்டைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, அந்த இரண்டு சாக்ஸையும் உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பெஞ்சு மேல் ஏறி நின்றாள்.

"எல்லாரும் கேட்டுக்குங்க. நான் பின்னின சாக்ஸ் தப்பு. சாக்ஸ் தடிமனாகி பூட்ஸ் இறுகினா கால் செத்துடும். இவ விழுந்தது என்னால. யாராவது ரெண்டு சாக்ஸ் சேத்துப் போட்டுக்கிட்டு இருந்தா இப்பவே கழட்டுங்க!"

மூன்று பேர் சத்தமில்லாமல் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினார்கள்.

"அப்போ என்னோட ரெண்டு ஜோடி?" என்றார் மூட்டை.

"தரேன். வீட்ல போட்டுக்கிட்டுப் படுத்துக்குங்க."

பிறகு சூப்பர்வைசரிடம் போனாள். பூனையின் மாற்றலை நிறுத்தச் சொன்னாள். அவர் முடியாது என்று தலையை ஆட்டினார். "அவங்களா கேட்டதுக்கா. அவங்களா வந்து வேணாம்னு சொன்னாத்தான் மாத்துவேன். நீங்க அவங்களுக்காகப் பேசினா செல்லாது." அதுவும் நியாயமாகத்தான் பட்டது. இத்தனை நாள் அவளுக்காகப் பேசியதன் லட்சணம்தான் தெரிந்துவிட்டதே.

பூனையின் பூட்ஸை அலமாரியிலிருந்து எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோனாள். இந்த முறை பூட்ஸுக்குள் கையை விட்டு அளந்தாள். விரல் எங்கே இடிக்கும், குதிகால் எங்கே உட்காரும், கம்பளி போக மீதி எவ்வளவு இடம் காற்றுக்கு வேண்டும் என்று தடவித் தடவிப் பார்த்தாள். ஒற்றை நூல், மெல்லிய ஊசி. தங்கச்சியிடம், "நீ சொன்னதுதான் சரி" என்று சொன்னபோது மறுமுனையில் நெடுநேரம் சத்தமே இல்லை. அவள் மயங்கி விழுந்துவிட்டாளோ என்றுகூட இவளுக்குச் சந்தேகம்.

அதை முடித்து எடுத்துக்கொண்டு ஒரு மத்தியானம் பூனையின் மாடி அறைக்குப் போனாள். பூனை ஜன்னலோரம் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். ஹாரன் அக்கா பூட்ஸைத் தரையில் வைத்தாள். சாக்ஸை மடியில் போட்டாள்.

"எதுக்குக்கா மறுபடியும்? நான்தான் வெளிய, வாசல் கேட்டுக்குப் போறேனே. வெயில்ல எனக்கு எதுக்குக் கம்பளி?"

"போக வேணாம். என்கூட உள்ள வா."

"பொய் சொன்னவகூட யாராவது ஜோடி சேருவாங்களா? நீ சேந்தாலும், அடுத்த தடவ நான் 'இருக்கு'ன்னா நீ நம்புவியா?"

நம்புவேன் என்று ஹாரன் அக்கா சொல்லிவிடலாம். சொன்னால் அதுவும் பொய்தான். அது பூனைக்கும் தெரியும். பூனை வராவிட்டால் புதிதாக யாரோ வருவார்கள், வேலை நடக்கும், சம்பளம் வரும். ஆனால் அவள் மாதிரி ஒருத்தி இனி எங்கே கிடைப்பாள்?

"அத அப்புறம் பாக்கலாம். முதல்ல போட்டுப் பாரு" என்று மட்டும் சொன்னாள்.

பூனை சாக்ஸைப் போட்டாள். அதன்மேல் பூட்ஸைப் போட்டாள். எழுந்து ஜன்னலிலிருந்து கதவுவரை நடந்தாள், திரும்பி வந்தாள். சத்தமே வரவில்லை.

"எப்படி இருக்கு?"

பூனையின் வாய், பழக்கத்தில், 'நல்லா இருக்கு' என்று சொல்வதற்காகத் திறந்தது. பாதியில் நின்றது. கீழே பார்த்தாள். ஹாரன் அக்கா வாயைத் திறக்காமல் இருக்கப் பட்ட பாடு சொல்லி மாளாது. நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இடது குதிகால் உறுத்துதுக்கா" என்றாள் பூனை.

"வேற?"

"மேல் பட்டை தொளதொளன்னு இருக்கு. கீழ இறங்கிடும்."

"வேற?"

பூனை ஒரு கணம் தயங்கினாள். "கலர் சகிக்கல."

கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு. கடைக்காரரோடு சண்டை போட்டு வாங்கிய நூல். ஹாரன் அக்கா ஓங்கிச் சிரித்தாள். கீழே அண்ணி எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தாள். சிரிக்கும்போதே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பல வருஷமாக இந்தப் பெண்ணோடு பழகியிருக்கிறாள், அவள் வாயிலிருந்து 'சரியில்ல' என்று ஒரு சொல் வந்ததில்லை. இன்றைக்கு மூன்று.

"குடு, குதிகாலை உருவிப் பின்றேன். கலருக்கு நான் ஒண்ணும் பண்ண முடியாது. பூட்ஸுக்குள்ளதானே, யாரு பாக்கப் போறா?"

பூனை பூட்ஸைக் கழற்றி, இடது சாக்ஸை உருவிக் கொடுத்தாள். ஹாரன் அக்கா பையிலிருந்து ஊசிகளை எடுத்தாள். நூலின் முனையைத் தேடிப் பிடித்து இழுத்தாள். கண்ணிகள் ஒவ்வொன்றாக அவிழ்ந்து வந்தன.

"திங்கட்கிழமை நான் வேலைக்கு வரணும். அதுக்குள்ள முடியலன்னா பரவால்லக்கா" என்றாள் பூனை. "அதுவரைக்கும் கம்பெனி சாக்ஸே போட்டுக்கிட்டு உள்ள வரேன்."

ஹாரன் அக்காவின் கை நின்றது. "அப்போ சூப்பர்வைசர்கிட்ட நான் இப்பவே போன் பண்ணி..."

"நீ ஒண்ணும் பேச வேணாம். நான் சொல்லிக்கறேன். நீ பேசாம குதிகாலப் பாரு."

ஹாரன் அக்கா பேசாமல் குதிகாலைப் பார்த்தாள்.